முதல் மழையில் திரும்பி வந்த வீச்சம்

2019 ஜூன் மாதம், மாமி இடவப்பாதி என்று சொல்லும் மழை தொடங்கிய மறுநாள் காலை, பத்தாயம் கிடக்கும் அறையின் கதவைத் திறந்தேன். பூனை மூத்திர வீச்சம் முகத்தில் வந்து மோதியது. பிப்ரவரியிலிருந்து மே வரை நான்கு மாதம் அந்த அறையில் ஒரு வாடையும் இல்லை. எங்கள் ஆண் பூனை பொடியனுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவன் இப்போது எங்கும் பீய்ச்சுவதில்லை என்று எனக்கு உறுதியாகத் தெரியும். பிறகு எங்கிருந்து வருகிறது? வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அதற்கு முந்தைய ஒரு வருடம் அந்த அறையோடு பட்ட பாடெல்லாம் நினைவுக்கு வந்தது.

எங்கள் வீடு தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாமனாரின் அப்பா காலத்து ஓட்டு வீடு. மேலே பலகை மச்சு, கீழே சிவப்பு ஆக்சைடு சிமெண்ட் தரை, சுண்ணாம்புச் சுவர். நடு அறையில் அயினி மரத்தில் செய்த பெரிய பத்தாயம். ஒரு காலத்தில் கும்பப்பூ நெல் கொட்டிவைத்தது. இப்போது பழைய பாய்களும் போர்வைகளும் அதற்குள் கிடக்கின்றன. இரண்டு மழையும் பெய்கிற மாவட்டம் இது. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. வருடத்தில் பாதி நாள் சுவரும் தரையும் ஈரம் இழுத்துக்கொண்டே இருக்கும். இந்த ஈரத்தை மறந்துவிட்டுப் பூனை வீச்சத்தைப் போக்க நினைத்ததுதான் நான் செய்த பெரிய தப்பு.

பொடியன் எங்களிடம் வந்தது 2017 நவம்பர் 30, ஒக்கி புயல் அடித்த நாளில். பின்பக்கச் சாய்ப்பில் பலா மரம் ஒடிந்து விழுந்து கிடந்தது. அந்தக் கிளைகளுக்கு நடுவில் ஒன்றரை மாதக் குட்டி நனைந்து விறைத்துப் போய்க் கத்திக்கொண்டிருந்தது. கரண்டு இல்லாத அந்த நாட்களில் மகள் அதைத் தன் பழைய பாவாடையில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தாள். ஒக்கி என்று பேர் வைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். கடலுக்குப் போனவர்கள் திரும்பி வராமல் எத்தனை வீடுகளில் அழுகை கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அந்தப் பேரை வாயால் கூப்பிட எங்களுக்கு மனசு வரவில்லை. சின்னவன் என்பதால் பொடியன்.

2018 ஜூனில்தான் முதலில் வாடை தெரிந்தது. அப்போது யாரும் பொடியனைச் சந்தேகப்படவில்லை. மாமிதான், "மக்களே, மச்சுல மரநாய் கெடக்கும், ஆள விட்டுப் பாரு" என்றார். அது நியாயமான சந்தேகம்தான். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் மச்சில் மரநாய் குடியிருப்பது சாதாரணம். மேலே இருந்து மூத்திரம் ஒழுகிப் பலகையில் கறை பிடிக்கும். ஏணி வைத்து ஏறிப் பார்த்தோம். மரநாய் இருந்தால் அதன் எச்சத்தில் பழக்கொட்டை கொட்டையாகக் கிடக்கும். அப்படி ஒன்றும் இல்லை. பலகையிலும் புதுக் கறை இல்லை. ஓட்டு வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் இந்தச் சோதனையை முதலில் செய்துவிடுங்கள். மேலே இருக்கிற மரநாய்க்குக் கீழே இருக்கிற பூனை அடி வாங்கக் கூடாது.

இரண்டு நாள் கழித்து என் கண்ணாலேயே பார்த்தேன். பொடியன் பத்தாயத்துக்குப் பின்புறம் முதுகைக் காட்டி நின்றான். வாலை நேராகத் தூக்கினான், நுனி நடுங்கியது, பின்னால் பீய்ச்சி அடித்தான். குந்தி உட்காரவே இல்லை. அது மூத்திரப்பையை ஒழிப்பதற்காகப் பெய்யும் மூத்திரம் இல்லை. இது என் இடம் என்று மற்றப் பூனைகளுக்கு எழுதிவைப்பது. கடுவன்கள், அதாவது ஆண் பூனைகள், ஆறு ஏழு மாதத்திலேயே இதைத் தொடங்கிவிடும். குந்திப் பெய்தால் தரையில் குளம் போலக் கிடக்கும். பீய்ச்சினால் சுவரிலும் கதவிலும் ஒரு சாண் உயரத்தில் கோடாக வழிந்திருக்கும். இரண்டுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. இதை முதலில் பிரித்துப் பார்த்திருந்தால் எனக்குப் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

அதன் பிறகு நான் செய்ததெல்லாம் தப்பு. ஒன்றுவிடாமல் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

முதலில் பினாயில். தினமும் இரண்டு நேரம் துடைத்தேன். பினாயில் மணமும் மூத்திர வீச்சமும் கலந்து மூன்றாவதாக ஒரு நாற்றம் வந்தது. மாமி சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். பினாயில் போன்றவற்றில் இருக்கும் ஃபீனால் வகைப் பொருட்களைப் பூனையின் ஈரலால் நம்மைப் போல உடைத்து வெளியேற்ற முடியாது என்பது பிறகு கால்நடை டாக்டர் சொல்லித்தான் தெரியும். பூனை அந்தத் தரையில் நடக்கும், அப்புறம் தன் பாதத்தை நக்கும். நாய் வளர்ப்பவர்கள் தாராளமாகப் புழங்குகிற பல பொருட்கள் பூனைக்கு விஷம். அலமாரியில் போடும் பாச்சா உருண்டை, கற்பூரம், யூகலிப்டஸ் தைலம் எல்லாம் இதில் சேரும். வீச்சத்தை மறைக்க வீட்டு மூலைகளில் பாச்சா உருண்டை போட்டுவைக்கும் பழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது. பூனை இருக்கும் வீட்டில் தயவுசெய்து வேண்டாம்.

அடுத்தது பிளீச்சிங் பவுடர். கிணற்றுக்குப் போட வாங்கியது மீதி இருந்தது. கரைத்துப் பத்தாயத்தின் பின்புறம் ஊற்றிவிட்டு, மழை உள்ளே அடிக்கிறது என்று ஜன்னலைச் சாத்தினேன். ஐந்து நிமிடத்தில் கண் எரிந்தது, தொண்டை அடைத்தது, இருமல் நிற்கவில்லை. இழுப்பு நோய் உள்ள மாமி பக்கத்து அறையில் படுத்திருந்தார். அவரைத் தாங்கிப் பிடித்து முற்றத்துக்குக் கொண்டுவந்த அந்த நேரத்தை நினைத்தால் இப்போதும் கை நடுங்கும். மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியாவும் பிளீச்சிங்கில் உள்ள குளோரினும் சேர்ந்தால் குளோரமைன் என்ற நச்சு வாயு உண்டாகும். பூனை மூத்திரத்தின் மேல் பிளீச்சிங் ஊற்றவே கூடாது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டு அண்ணன் நல்ல மனசோடு, "பால் உறைய வைக்கிற ஆசிட் கொஞ்சம் தாறேன், ஒரு தடவ ஊத்திக் கழுவுங்க" என்றார். அது ஃபார்மிக் ஆசிட். நல்லவேளையாக என் கணவர் தடுத்துவிட்டார். கையில் பட்டால் புண்ணாக்கும், ஆவியை மூச்சில் இழுத்தாலும் கெடுதல், சிமெண்ட் தரையையும் அரித்துவிடும். அரித்துப் பொரிந்த தரை முன்னைவிட அதிகமாக மூத்திரத்தைக் குடிக்கும். கக்கூஸ் கழுவும் ஆசிடுக்கும் இதே கதைதான்.

சாம்பிராணிப் புகை பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. புகை அடங்கினதும் வீச்சம் அங்கேயே நிற்கும்.

2018 அக்டோபரில் அரசு கால்நடை மருத்துவமனைக்குப் பொடியனைக் கொண்டுபோனோம். கருத்தடை செய்தால் பத்துக் கடுவன்களில் ஏறத்தாழ ஒன்பது பீய்ச்சுவதை நிறுத்திவிடும், அல்லது பெரிதாகக் குறைத்துவிடும் என்றார் டாக்டர். உடனே நிற்காது, உடம்பில் இருக்கும் ஹார்மோன் வடியச் சில வாரம் ஆகும் என்றும் சொல்லி அனுப்பினார். அப்படியேதான் ஆனது. ஐந்தாவது வாரத்தில் குறைந்தது, எட்டாவது வாரத்தில் நின்றது. ஐந்து ஆறு மாதத்திலேயே, பீய்ச்சும் பழக்கம் வருவதற்கு முன்பே செய்துவிடுவது இன்னும் நல்லது. "பாவம், வாயில்லா ஜீவனை அறுக்கணுமா" என்று நானும் தள்ளிப்போட்டேன். அந்த மாதங்களில் ராத்திரிச் சண்டையில் அவன் காது கிழிந்து, கழுத்தில் சீழ் வைத்து, எத்தனை முறை மஞ்சள் வைத்துக் கட்டினோம். தள்ளிப்போட்டதுதான் பாவம் என்று இப்போது நினைக்கிறேன்.

ஆபரேஷனோடு இன்னொன்றும் செய்தோம். காலையில் மீன் வாங்கினால் சாய்ப்பில் வைத்துக் கழுவி, சாளைத் தலையையும் குடலையும் பின்வாசலுக்கு வெளியே வீசுவது வழக்கம். அதற்காகத் தெருவில் உள்ள கடுவன்களெல்லாம் பின்வாசலில் கூடும். அவை கதவில் பீய்ச்சும். பொடியன் உள்ளே இருந்து பதில் பீய்ச்சுவான். மீன் கழிவைத் தென்னை மூட்டில் குழி தோண்டிப் புதைக்க ஆரம்பித்தோம். ஒரு மாதத்தில் வெளிப்பூனைகள் குறைந்தன. தென்னைக்கும் நல்ல உரம்.

இவ்வளவும் செய்த பிறகுதான் அந்த ஜூன் மாத முதல் மழை. பீய்ச்சுவது நின்றுவிட்டது, வீச்சம் மட்டும் வருகிறது.

என் மகள் அப்போது கல்லூரியில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் பொறுமையாக விளக்கினாள். மூத்திரத்தில் உள்ள யூரியாவைக் கிருமிகள் உடைத்து அம்மோனியா ஆக்கும். மூக்கைக் குத்துகிற முதல் வாடை அது. அதைத் தண்ணீரும் வினிகரும் போக்கிவிடும். கூடவே யூரிக் அமிலம் இருக்கிறது. அது வெறும் தண்ணீரில் மிகவும் குறைவாகத்தான் கரையும். காய்ந்து பொடிப்பொடிப் படிகமாகத் தரையின் துளைகளுக்குள் உட்கார்ந்துகொள்ளும். மூன்றாவது பூனைக்கே உரியது: ஃபெலினைன் என்ற, கந்தகம் சேர்ந்த ஒரு அமினோ அமிலம். அது மெல்ல மெல்ல உடைந்து கந்தக வாடை வீசும் பொருட்களாக மாறும். கடுவனின் மூத்திரத்தில் இது மிக அதிகம். கருத்தடை செய்தால் நன்றாகக் குறைந்துவிடும். கிடா ஆட்டு மொச்சை போல ஒரு வீச்சம் வருகிறது என்று மாமி சொன்னது இதைத்தான்.

கோடையில் எல்லாம் காய்ந்து கிடக்கும், வாடை எழும்பாது. மழைக்காலத்தில் காற்றில் ஈரம் ஏறினதும் பழைய கறை நனைந்து, அடங்கிக் கிடந்தது மறுபடியும் வீசத் தொடங்கும். ஒரு வருடத்துக்கு முந்தைய மூத்திரம் புதிதாகப் பெய்தது போல நாறும். எங்கள் ஊர் போன்ற ஈரமான இடத்தில் பூனை வீச்சம் போய்விட்டதா என்று கோடையில் முடிவு செய்யவே கூடாது. மழையில் மூக்கை வைத்துப் பார்க்க வேண்டும்.

சரி, எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மூக்கு ஓரளவுக்குத்தான் வழி காட்டும். கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா டார்ச் ஒன்று வாங்கினோம். 395 நானோமீட்டர் புற ஊதா ஒளி. ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு ஓர் அடி தூரத்தில் பிடித்து மெல்ல நகர்த்த வேண்டும். காய்ந்த மூத்திரம் மங்கலான மஞ்சள் பச்சையாகத் தெரியும். சலவைத் தூள் பட்ட துணியும் ஒளிரும், ஆனால் அது பளிச்சென்று நீலம் கலந்த வெள்ளை, குழப்பிக்கொள்ள வேண்டாம். நான் பத்தாயத்தின் பின்புறம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். டார்ச் அடித்தபோது ஏழு இடம் தெரிந்தது. மச்சுப்படியின் அடிக்கட்டை, ஜன்னலுக்குக் கீழே சுவர், பின்வாசல் கதவின் உட்புறம், மாமியின் இலவம்பஞ்சு மெத்தையின் ஒரு முனை. ஒரு வருடமாக ஓர் இடத்தையே கழுவிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இன்னொன்றும் தெரிந்தது. பத்தாயத்தின் காலடியில் பச்சை கலந்த நீலமாக ஒன்று பளபளத்தது, கொஞ்சம் நகர்ந்தது. தேள். தேளின் உடம்பு இந்த ஒளியில் அப்படி ஒளிரும். ஓட்டு வீட்டுக்காரர்கள் இந்த டார்ச்சைப் பூனைக்காக வாங்காவிட்டாலும் தேளுக்காக வாங்கலாம். செருப்புப் போடாமல் இந்தச் சோதனைக்குப் போகாதீர்கள்.

ஏழு இடத்தையும் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டோம். அதன் பிறகுதான் சரியான பொருளை வாங்கினேன். என்சைம் கிளீனர் என்று ஆன்லைனில் கிடைக்கிறது. செல்லப்பிராணிக் கடைகளிலும் சில வைத்திருப்பார்கள். அதில் மூத்திரப் பொருட்களை உடைக்கிற நொதிகளோ, அந்த நொதிகளை உண்டாக்கும் நல்ல பாக்டீரியாவோ இருக்கும். யூரிகேஸ் என்ற நொதி யூரிக் அமிலத்தைத் தண்ணீரில் அதைவிட எளிதாகக் கரையும் அலன்டோயினாக மாற்றிவிடும். வாங்குவதற்கு முன் லேபிளில் நொதியோ பாக்டீரியாவோ எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் வாசனைத் தண்ணீரும் இதே பெயரில் விற்கப்படுகிறது.

முதல் பாட்டில் முழுவதையும் வீணாக்கினேன். ஸ்பிரே அடித்துவிட்டு ஐந்து நிமிடத்தில் துடைத்தேன். அது பினாயில் போல உடனே வேலை செய்வதில்லை. மூத்திரம் எவ்வளவு ஆழம் போனதோ அவ்வளவு ஆழம் இதுவும் போக வேண்டும். ஈரம் காயாமல் பல மணி நேரம் இருக்க வேண்டும். இரண்டாவது முறை இப்படிச் செய்தேன். பழைய பினாயில், சோப்பு எல்லாம் போகப் பச்சைத் தண்ணீரால் நான்கைந்து முறை கழுவினேன். அவை மிச்சமிருந்தால் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். பிறகு கறையைத் தாண்டி ஒரு சாண் அகலத்துக்குக் கிளீனரை ஊற்றினேன், தெளிக்கவில்லை, ஊற்றினேன். மேலே பாலிதீன் ஷீட் விரித்து, ஓரத்தில் செங்கல் வைத்து, ஒரு ராத்திரி முழுவதும் விட்டேன். காலையில் ஷீட்டை எடுத்துவிட்டு ஃபேனைப் போட்டுத் தானாகக் காயவிட்டேன்.

காய்கிற நேரத்தில் முன்னைவிட மோசமாக நாறும். பயப்பட வேண்டாம். இரண்டு மூன்று நாளில் அடங்கும். ஒரு தடவையில் முழுவதும் போனால் அதிர்ஷ்டம். எங்கள் சிவப்புத் தரைக்கு மூன்று தடவை தேவைப்பட்டது, ஜன்னலுக்குக் கீழே நான்கு.

பத்தாயம்தான் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. மரத்தில் மூத்திரம் பலகையின் மேற்பரப்பை விட வெட்டு முனை வழியாகத்தான் வேகமாக ஏறும். நார் நாராக உறிஞ்சும். பத்தாயத்தின் பின்பலகையும் இரண்டு கால்களும் கறுத்துப் போயிருந்தன. ஆசாரி வந்து பார்த்துவிட்டு, "அயினி மரம், ஒண்ணும் ஆகாது" என்று பின்பலகையைக் கழற்றிக் கொடுத்தார். கிளீனரில் நனைத்த பழைய துணியைச் சுற்றி ஒரு ராத்திரி வைத்தோம். வெயிலில் காயவைத்தால் பலகை வளைந்துவிடும் என்று நிழலில் பத்து நாள் காயவிட்டார். பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த பாலிஷை மூன்று கை பூசினார். அரக்குப் பூச்சு வாடையை உள்ளேயே அடைத்துவிடும். புது மூத்திரம் எளிதில் உள்ளே இறங்கவும் விடாது. ஆனால் முழுவதும் சுத்தம் செய்து, முழுவதும் காய்ந்த பிறகுதான் பூச வேண்டும். ஈரத்தோடு பூசினால் அடுத்த மழையில் பூச்சு கொப்பளித்து, உள்ளே இருப்பது வெளியே வரும். அதனால் பத்தாயத்தையும் தரைப் பாலிஷையும் நாங்கள் 2020 மாசி மாதம் வரை தள்ளிவைத்தோம். எங்கள் பக்கம் மாசி, பங்குனிதான் இதற்கு ஏற்ற காலம்.

சுவரில் சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, கிளீனர் போட்டு, காய்ந்ததும் மறுபடி வெள்ளையடித்தோம். மெத்தையைக் காப்பாற்ற முடியவில்லை. இலவம்பஞ்சு மூத்திரத்தைக் குடித்தால் வெளியே விடாது. அந்த முனையைப் பிரித்துப் பஞ்சை எடுத்தெறிந்துவிட்டுப் புதுப் பஞ்சு வைத்துத் தைத்தோம். துணிகளுக்கு ஒரே விதி: சூடு காட்டக் கூடாது. வெந்நீரில் ஊறவைத்தாலும் இஸ்திரி போட்டாலும் வாடை நூலில் பிடித்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் அலசி, வெயிலில் காயப்போட்டு, காய்ந்ததும் மோந்து பார்த்து, இருந்தால் மறுபடி.

மாமியின் வெள்ளை முண்டுகளுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு நன்றாக வேலை செய்தது. மருந்துக் கடையில் எனக்குக் கிடைத்தது 6 சதவீதம். சம அளவு தண்ணீர் சேர்த்து 3 சதவீதமாக்கி, கொஞ்சம் ஆப்ப சோடாவும் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பும் கலந்து தடவினேன். கந்தக வாடையை அது உடைத்துவிடும். கலர்த் துணியில் போடாதீர்கள், வெளுத்துவிடும். கலந்ததைப் பாட்டிலில் மூடி வைக்கவும் கூடாது. வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும். என்சைம் கிளீனர் போட்ட இடத்தில் அதே நாளில் இதைப் போட்டால் நொதிகள் செத்துப்போகும். ஒன்று காய்ந்த பிறகு மற்றது.

வினிகர் பற்றி எல்லோரும் சொல்வார்கள். புது மூத்திரத்தில், ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து உடனே துடைத்தால் அம்மோனியா வாடை போகும். பழைய கறைக்கு அது போதாது. மொசைக், மார்பிள் தரையில் ஊற்றினால் பளபளப்பு போய்விடும். வெல்லமும் பழத்தோலும் போட்டு மூன்று மாதம் ஊறவைக்கும் பயோ என்சைமை நானும் ஒரு குடம் செய்து பார்த்தேன். தரை துடைக்க நல்ல பொருள். இந்த வேலைக்கு அது ஆகவில்லை. அதில் பெரும்பாலும் வேலை செய்வது அமிலம்தான். சிரட்டைக் கரி மட்டும் நான் இன்றைக்கும் வைக்கிறேன். உடைத்த கரியை ஒரு துணிப்பையில் கட்டிப் பத்தாயத்துக்குள் போட்டிருக்கிறேன். பாய்களில் மிச்சமிருந்த லேசான வாடையை அது இழுத்துக்கொண்டது. மாதம் ஒரு தடவை வெயிலில் காயவைத்து மறுபடி வைக்கிறேன்.

2020 ஜூன் மழையில் அந்த அறையில் ஒன்றும் இல்லை. முடிந்தது என்று நினைத்தேன்.

2021 ஜனவரியில் ஒரு நாள் காலை, மாமியின் கட்டிலுக்குக் கீழே சின்னச் சின்னதாக மூன்று இடத்தில் மூத்திரம். பீய்ச்சியது இல்லை, குந்திப் பெய்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு பாடுபட்டும் திரும்பத் தொடங்கிவிட்டானே என்று வாரியலைக் காட்டி விரட்டினேன். மத்தியானம் குளியலறைத் தரையில் குந்தி உட்கார்ந்து முக்கிக்கொண்டிருந்தான். இரண்டு சொட்டு வந்தது, லேசான சிவப்பு. எழுந்து போய் மறுபடி குந்தினான். கத்தினான். அடிவயிற்றை நக்கிக்கொண்டே இருந்தான். மாமிதான், "மக்களே, அது வேணும்னு செய்யல. அதுக்கு வலிக்கிது. இப்பமே தூக்கிட்டுப் போ" என்றார்.

சாயங்காலத்துக்குள் டாக்டரிடம் சேர்த்தோம். மூத்திரக் குழாய் அடைக்கத் தொடங்கியிருந்தது. ஆண் பூனைகளுக்கு அந்தக் குழாய் மிகவும் குறுகலானது. பொடித்த கல்லோ சளியோ அடைத்துக்கொண்டால் ஒன்றிரண்டு நாளில் உயிரே போய்விடும். மயக்கம் கொடுத்துக் குழாய் விட்டு எடுத்தார்கள். மூன்று நாள் அங்கேயே இருந்தான். "இன்னும் ஒரு ராத்திரி பொறுத்திருந்தால் கஷ்டம்" என்றார் டாக்டர். வாரியலைக் காட்டி விரட்டியதை நினைத்து நான் பல நாள் தூங்கவில்லை.

அதிலிருந்து, பழக்கப்பட்ட பூனை திடீரென்று வேறு இடத்தில் பெய்தால் நான் முதலில் துணியை எடுப்பதில்லை, பூனையைப் பார்க்கிறேன். எத்தனை தடவை போகிறது, முக்குகிறதா, அளவு எவ்வளவு, நிறம் என்ன. பூனைக்கு வேறு வழியில் நம்மிடம் சொல்லத் தெரியாது. ஆண் பூனை மூத்திரம் வராமல் முக்கினால் ராத்திரி என்றாலும் டாக்டரைத் தேடிப் போக வேண்டும். இப்போது பொடியனுக்கு அவித்த மீனை முள் எடுத்து, அந்தத் தண்ணீரோடு உப்பில்லாமல் கொடுக்கிறேன். டாக்டர் சொன்ன பூனை உணவும் ஈரமானதுதான். வீட்டில் மூன்று இடத்தில் தண்ணீர்க் கிண்ணம். தண்ணீர் நிறையக் குடித்தால் மூத்திரம் நீர்த்திருக்கும், அடைப்பு வரும் வாய்ப்பும் குறையும், வீச்சமும் குறையும்.

அவன் கழிக்கும் தொட்டி பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தினசரி வாடை அங்கிருந்துதான் வரும். முதலில் சின்ன பிளாஸ்டிக் டப்பா வைத்திருந்தோம். பெரியவனான பிறகு அதில் திரும்ப இடமில்லை. பூனையின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். கொத்தனார் சிமெண்ட் குழைக்கும் அகலச் சட்டி வாங்கினேன். பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டித் தொட்டி வைக்கச் சொல்வார்கள். எங்களுக்கு இரண்டு, ஒன்று சாய்ப்பில், ஒன்று மச்சுப்படிக்குக் கீழே. சாப்பாட்டுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தால் போகமாட்டான்.

உள்ளே போட இங்கே நமக்குக் கிடைப்பது மரத்தூள். ரப்பர் மரத்தடி அறுக்கும் மில்களில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும், நன்றாக உறிஞ்சும். தடியை முதலில் அறுக்கிற இடத்துத் தூளை மட்டும் வாங்குங்கள். நாற்காலி, கட்டில் செய்யும் பட்டறைத் தூளில் பூச்சி அரிக்காமல் இருக்கப் போட்ட மருந்தும் பிளைவுட் பசையும் கலந்திருக்கும். வாங்கியதைச் சல்லடையில் சலித்து, நொய்ந்த தூளை நீக்கிவிட்டுப் பருமனானதைப் போட்டால் பூனைக்கும் மாமிக்கும் தும்மல் வராது. தென்னை நார்க்கழிவும் நன்றாக உறிஞ்சும், ஆனால் ஈரக் காலோடு வீடு முழுவதும் பரப்பிவிடுவான். சாதாரண மணல் உறிஞ்சாது, அடியில் தேங்கி நாறும்.

காலையும் மாலையும் அள்ளிவிடுவேன். வாரம் ஒரு தடவை முழுவதும் கொட்டிவிட்டுச் சட்டியை வெறும் சோப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் கவிழ்ப்பேன். பிளாஸ்டிக் கீறல்களில் வாடை தங்கும், அதனால் வருடத்துக்கு ஒரு தடவை சட்டியை மாற்றிவிடுகிறேன். தினமும் அள்ளுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சில பூனைகளின் மலத்தில் டாக்சோபிளாஸ்மா என்ற கிருமி இருக்கலாம். அது வெளியே வந்து ஒரு நாளாவது கழித்துத்தான் மனிதருக்குத் தொற்றும் நிலைக்கு வரும். அதற்குள் அகற்றிவிட்டால் பெரும்பாலும் பயமில்லை. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவர்கள் அந்த வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். பூனையை விரட்ட வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டில் வாடை இருக்கிறதா என்று உங்கள் மூக்கிடம் கேட்காதீர்கள். ஒரே வாடையில் அரைமணி நேரம் இருந்தால் மூக்கு அதைக் கண்டுகொள்ளாது. வெளியூர் போய்விட்டு வந்து கதவைத் திறக்கும் முதல் மூச்சில் தெரிவதுதான் உண்மை. இல்லையென்றால் மனசில் ஒளிவுமறைவு இல்லாத ஓர் ஆளை அழைத்துக் கேட்க வேண்டும். எங்களுக்கு மைனி இருக்கிறார், மார்த்தாண்டத்தில். 2018இல் வந்தபோது உள்ளே கால் வைத்ததும் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியவர். போன ஆடியில், மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாள் வந்தார். வந்ததும் பத்தாயத்தின் மேல் ஏறி உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவ ஆரம்பித்தார். பொடியன் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டான். நான் அடுக்களை வாசலில் நின்று மைனியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முறம் கீரை உருவி முடிந்ததும் நிமிர்ந்து, "என்னடி அப்படிப் பாக்கே? அடுப்புல சோறு பொங்குது பாரு" என்றார்.